குஞ்சின் நிறமும் கணக்கும்

பச்சை நிறப் பட்ஜி கிளிகள் இரண்டு இணைந்து பொரித்த குஞ்சுகளுள் ஒன்று நீலமாயிருப்பின், அதிசயம் என்பர் சிலர்; முட்டை மாறிற்றோ என ஐயுறுவர் வேறு சிலர். இரண்டும் வேண்டா. பச்சை, நீலத்தை அடக்கி நிற்கும் நிறமாகும். தாய் தந்தை இருவரிடத்தும் நீலக்கூறு மறைந்திருப்பின், ஒவ்வொரு முட்டையிலும் நீலக்குஞ்சு உருவாக நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்டு 1866இல் வெளியிட்ட விதியே பறவைக்கும் பொருந்துகின்றது.

ஆயினும் வாய்ப்பு வேறு, வாக்குறுதி வேறு. நான்கு முட்டைகளிலும் பச்சையே வரலாம். விரும்பிய நிறம் வரவில்லையென்று பறவையை வெறுப்பது அறியாமை. கூண்டருகே குறிப்பேடு ஒன்று வைத்து, பெற்றோர் நிறத்தையும் குஞ்சுகளின் நிறத்தையும் எழுதி வருதலே சிறந்தது என்பது என் கருத்து. புறத்தோற்றங்கொண்டு எவ்வுயிரையும் எடைபோடலாகாது என்பதனை அவ்வேடே உங்களுக்குக் கற்பிக்கும்.