பத்து வயதுக் கைக்கு மரமே போதும்

கோடை விடுமுறை தொடங்கினால் டேபிள் டென்னிஸ் பயிற்சி மையங்களில் புதுப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு மையத்தின் மட்டையே போதுமானதாக இருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டம் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் பெற்றோர் சொந்த மட்டை தேடத் தொடங்குகிறார்கள். தேடியதும் முதலில் கண்ணில் படுவது கார்பன் பிளேடுகள்தான். உலக சாம்பியனின் பெயர் பொறித்தவை, கூடுதல் வேகம் தருபவை என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. புகழ்பெற்ற நிறுவனத்தின் கார்பன் பிளேடு என்றால் விலை பத்தாயிரம் ரூபாயை எளிதில் தாண்டும். இருபுறமும் நல்ல ரப்பர் ஒட்டினால் இன்னும் சில ஆயிரங்கள் கூடும். பிள்ளைக்குச் சிறந்ததையே வாங்கித் தர வேண்டும் என்ற ஆசையில் கடன் வாங்கிக்கூட இந்தச் செலவைச் செய்யும் குடும்பங்கள் உண்டு.

அந்தப் பிள்ளைக்கு அப்போது தேவைப்படுவது வேறு. ஐந்து அடுக்குள்ள, நடுத்தர வேகம் கொண்ட, முழுக்க மரத்தாலான ஒரு பிளேடு. விலை கார்பனில் பாதிகூட வராது.

இதைச் சொன்னால், பழைய காலத்துப் பேச்சு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே பிளேடுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து பார்க்கலாம். ரப்பர் ஒட்டாத வெறும் பலகையும் கைப்பிடியும் சேர்ந்ததுதான் பிளேடு. அதன் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. கார்பன், கண்ணாடி இழை போன்றவற்றை ஒட்டு அடுக்கில் சேர்க்கலாம். ஆனால் அந்த அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்தையோ 0.35 மில்லிமீட்டரையோ, இரண்டில் எது குறைவோ அதை, தாண்டக் கூடாது. 5.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடில் இரண்டு இழை அடுக்குகள் இருந்தால், இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 0.7 மில்லிமீட்டர். ஆக, கார்பன் மட்டை என்று கடைக்காரர் தருவதும் பெரும்பகுதி மரம்தான்.

அந்த மெல்லிய இழை செய்யும் வேலை பெரியது. மரம் வளைந்து கொடுக்கும். கார்பன் அந்த வளைவைக் குறைக்கிறது. அதனால் பந்து பலகையிலிருந்து விரைவாகக் கிளம்புகிறது. பலகையின் நடுவில் பட்டாலும் சற்று விலகிப் பட்டாலும் ஏறத்தாழ ஒரே வேகம் கிடைக்கிறது. எதிராளியின் பலமான டாப்ஸ்பின்னை பிளாக் செய்யும்போது பலகை அசையாமல் நிற்கிறது. வளர்ந்த ஆட்டக்காரருக்கு இவை மூன்றும் வரம்.

பழகும் பிள்ளைக்கு இதே வரம்தான் தடையாகிறது. பந்து மட்டையில் பட்டு விலகும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் கையால் எதையும் திருத்த முடியாது. அடித்த பிறகு உள்ளங்கைக்கு வந்து சேரும் அதிர்வுதான் பாடம். பந்து நடுவில் பட்டதா, விளிம்பில் பட்டதா, உரசியதா, மோதியதா என்பதை மரம் வெவ்வேறு அதிர்வுகளாகச் சொல்லிவிடுகிறது. தவறாக அடித்தால் பந்து வலையில் விழும், கையும் கூசும். ஆயிரக்கணக்கான முறை இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு கை தன்னைத் திருத்திக்கொள்கிறது. கார்பன் பிளேடு இந்த வேறுபாடுகளை மழுக்கிவிடுகிறது. தவறாகப் பட்ட பந்தும் மேசையில் போய் விழுவதால், தவறு நடந்ததே பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இன்னொரு தீங்கு உண்டு. மட்டை வேகமாக இருந்தால், முழுக் கையையும் வீசினால் பந்து வெளியே போகும் என்று பிள்ளை விரைவில் கண்டுகொள்கிறது. உடனே வீச்சைக் குறைத்துக்கொள்கிறது. இடுப்பைத் திருப்பி, முன்கையை மடக்கி, பந்தை மேல்நோக்கி உரசி ஏற்றும் டாப்ஸ்பின் அசைவு முழுமையாக உருவாகும் முன்பே பாதியில் நின்றுவிடுகிறது. 11 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அந்தப் பாதி வீச்சும் பிளாக்கும் வெற்றி தேடித் தரலாம். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் தானே உண்டாக்க வேண்டிய 15 வயதில் அதே பிள்ளை திணறும்போது, ‘முன்பு நன்றாக ஆடினானே’ என்று வீட்டில் குழம்புகிறார்கள். ஊறிப்போன கையசைவை அந்த வயதில் மாற்றுவது பயிற்சியாளருக்கும் பிள்ளைக்கும் பெரும் வேதனை.

உலகத்தர ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இன்று கார்பன்தானே வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் அந்தப் பக்கம் போனதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. காற்றில் பெரிய பந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். ரப்பருக்கு அசாத்திய வேகம் தந்துகொண்டிருந்த, நச்சு ஆவி வெளியிடும் ஸ்பீட் குளூ என்ற பசை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பின் தடை செய்யப்பட்டது. 2014-இல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது; சுழற்சி மேலும் குறைந்தது. இப்படி ஒவ்வொரு மாற்றத்திலும் பறிபோன வேகத்தை எங்கிருந்தாவது மீட்க வேண்டியிருந்தது. அதற்குப் பலகைக்குள்ளிருக்கும் இழை கைகொடுத்தது. ஜப்பானின் பட்டர்ஃபிளை நிறுவனம் கார்பனையும் அரிலேட் என்ற அதிர்வு குறைக்கும் இழையையும் சேர்த்து நெய்து 1993-இலேயே வெளியிட்ட விஸ்காரியா பிளேடு, சீனாவின் ஜாங் ஜிக்கே அதைக் கொண்டு 2011, 2013 உலகப் பட்டங்களையும் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்ற பிறகு உலகெங்கும் தேடப்படும் பொருளானது. ஆனால் ஜாங் ஜிக்கேயின் கை அந்தப் பலகையால் உருவானதல்ல. ஐந்து வயதிலிருந்து பழகிய கை அது.

மரம் என்றால் மந்தம் என்பதும் தவறு. தென்கொரியாவின் ரியூ சுங்-மின் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் சீனாவின் வாங் ஹாவோவை 4-2 என்று வீழ்த்தியபோது, அவர் கையில் இருந்தது பேனா பிடிக்கும் பாணியிலான, ஒரே அடுக்கு ஹினோக்கி மரப் பலகை. ஹினோக்கி ஜப்பானின் சைப்ரஸ் மரம். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுப்பப்படும் இசே ஆலயம் இந்த மரத்தில்தான் கட்டப்படுகிறது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அதை அறுத்தெடுத்தால் பந்து பறக்கும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் லிம்பா, அயூஸ் மரங்களை ஏழு அடுக்காக ஒட்டிச் செய்யும் பிளேடுகளிலும் மேசையருகே நின்று வேகமாகத் தாக்கலாம். எல்லாவற்றையும் திருப்பி வெட்டி எடுத்து 2003 உலகப் போட்டியின் இறுதிவரை வந்த தென்கொரியத் தடுப்பாட்டக்காரர் ஜூ சே-ஹியுக்கின் பெயரில் வெளியான பிளேடும் முழுக்க மரமே.

சொந்த மட்டை கைக்கு எவ்வளவு பழகிப்போகும் என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஒரு சான்று. அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சீனாவின் வாங் சூச்சின் கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற கையோடு, சூழ்ந்துகொண்ட புகைப்படக்காரர்களின் நெரிசலில் அவரது மட்டை மிதிபட்டு உடைந்தது. மறுநாள் மாற்று மட்டையோடு ஆடி, ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மோரேகார்டிடம் 2-4 என்று தோற்று வெளியேறினார். தோல்விக்கு மட்டை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நிலையில் உள்ள ஒருவருக்கே மட்டை மாறினால் கேள்வி எழுகிறது என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு பிளேடு மாற்றும் பத்து வயதுப் பிள்ளையின் கை எதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்?

நம் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. சென்னையின் சரத் கமல் சிறுவயதில் தந்தையிடம் ஆட்டம் கற்றவர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2022 பர்மிங்காமில், நாற்பது வயதில், அதே தங்கத்தை மீண்டும் வென்றார். இந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள் ஸ்பீட் குளூ போயிற்று, பந்தின் பொருளே மாறியது, ரப்பர்கள் தலைமுறை தலைமுறையாக மாறின. கை நிலைத்தது. சிறுவயதில் அடித்தளம் சரியாக அமைந்த ஒருவரால்தான் கருவிகள் இத்தனை முறை மாறியும் தாக்குப்பிடிக்க முடியும்.

கார்பனை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. டாப்ஸ்பின் இருபுறமும் ஒழுங்காக வந்து, கால்கள் பந்தைத் தேடிச் செல்லப் பழகி, மர பிளேடில் முழு வீச்சோடு அடித்தும் வேகம் போதவில்லை என்று பயிற்சியாளரே சொல்லும் நாள் வரும். அன்று கார்பனுக்கு மாறலாம். அப்போதும் இழை வெளி மரத்தை ஒட்டி இருக்கும் வகையைவிட, நடுமரத்தை ஒட்டி உள்ளே இருக்கும் வகையில் தொடங்குவது நல்லது. மெதுவான அடிகளில் அது மரம் போலவே நடந்துகொள்ளும். நடுத்தர வயதில் விளையாட்டுக்குத் திரும்பி, முன்புபோல் கை வீச முடியாதவர்களுக்கும் மென்மையான கார்பன் பிளேடு உதவியாக இருக்கும்.

பிள்ளைக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. ஐந்து அடுக்கு மரம், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டாத தடிமன், 85 கிராமுக்கு மிகாத எடை. கனமான மட்டை சிறு மணிக்கட்டை வாட்டும். பிளேடில் மிச்சமாகும் பணத்தை ரப்பருக்கு ஒதுக்கலாம், ஏனென்றால் நாள்தோறும் ஆடினால் ரப்பரின் பிடிப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். வழவழத்த ரப்பரில் சுழற்சியைக் கற்கவே முடியாது. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் வியர்வையும் மரத்துக்குள் இறங்கும். ஆடி முடித்ததும் கைப்பிடியைத் துடைத்து, உறையில் போட்டு வைத்தால் ஒரு மர பிளேடு பல ஆண்டுகள் உழைக்கும். ரப்பரைப் பிரிக்கும்போது பொறுமை வேண்டும். இழுத்த இழுப்பில் லிம்பாவின் மேல் நாரும் கூட வந்துவிடும்.

இதில் பயிற்சியாளர்களின் பொறுப்பே அதிகம். பெற்றோர் விலையுயர்ந்த மட்டையோடு வந்து நிற்கும்போது மறுத்துப் பேசத் தயங்கக் கூடாது. வாங்கும் முன்பே எது தேவை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு மட்டை வாங்கும் அதிகாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கார்பன் பிளேடின் விலைக்கு இரண்டு, மூன்று நல்ல மர பிளேடுகள் வாங்கலாம், அத்தனை பிள்ளைகள் கூடுதலாக ஆடலாம். இந்தக் கோடையில் மட்டை வாங்கக் கிளம்பும் பெற்றோர் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் பயிற்சியாளரைக் கேளுங்கள். மர பிளேடையே வாங்குங்கள்.