ஏற்றுவது யார்?

டிசம்பர், ஜனவரியில் அரக்கோணம் ஜங்ஷனுக்குப் போய்ப் பாருங்கள். பிளாட்பாரம் முழுக்க கறுப்பு வேட்டியும் இருமுடியுமாக ஐயப்ப பக்தர்கள். யாரையாவது நிறுத்தி, 'பொன்னம்பலமேட்டில் மகர ஜோதியை ஏற்றுவது யார் சாமி?' என்று கேளுங்கள். 'யாரு ஏத்துறது? தானா தெரியுது சாமி' என்று பலர் சொல்வார்கள்.

தானாகத் தெரியவில்லை. ஏற்றுகிறார்கள்.

இதைச் சொல்வது நாத்திகர்கள் மட்டுமல்ல. சபரிமலையின் மூத்த தந்திரி கண்டரரு மகேஸ்வரரு தரப்பே 2008-ல் சொன்னது. மகர ஜோதி என்பது வானத்து நட்சத்திரம். மலையில் மூன்று முறை தெரியும் மகர விளக்கு, மனிதர்கள் காட்டும் தீபாராதனை. முன்பு பழங்குடி மக்கள் காட்டியது அது. 2011-ல் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் இதை ஒப்புக்கொண்டது.

எப்போது ஒப்புக்கொண்டது? 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டு நெரிசலில் நூறு பேருக்கு மேல் செத்த பிறகு! ஜோதி நன்றாகத் தெரியும் என்பதால்தான் அந்தக் காட்டு மேட்டில், இருட்டில், அத்தனை கூட்டம். செத்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். 1999-லும் இதே ஜனவரி 14. பம்பையில் ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

'நம்பிக்கையில் ஏன்யா கை வைக்கிறே?' என்று நீங்கள் கோபப்படலாம். சரி, திருவண்ணாமலைக்கு வாருங்கள். கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரையையும் நெய்யையும் திரியையும் 2,668 அடி மலை மேல் மனிதர்கள்தான் சுமந்து போகிறார்கள். பர்வதராஜ குலத்தார் ஏற்றுகிறார்கள். எல்லோருக்கும் தெரியும். கூட்டம் குறைந்ததா? பக்தி குறைந்ததா? பக்கத்தில் திருத்தணியில் டிசம்பர் 31 அன்று 365 படிக்கும் பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறுகிறார்களே, எந்த அற்புத வெளிச்சத்தைப் பார்க்க? முருகன் போதும் அவர்களுக்கு.

விளக்கு ஏற்றுவது தப்பே இல்லை. ஏற்றியவர் கையை மறைப்பதுதான் தப்பு. கோர்ட்டில் சொன்னதை பக்தனிடம் சொல்ல என்ன தயக்கம்? சன்னிதானத்து மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அறிவிப்பு செய்கிறார்கள். மகர விளக்கு நாள் மாலையில் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: 'இந்த தீபாராதனையை நாங்கள்தான் காட்டுகிறோம்.'

அதைக் கேட்ட பிறகும் 'சாமியே சரணம்' என்று கும்பிடுகிறவர்தான் உண்மையான பக்தர். அவரை நம்பி உண்மையைச் சொல்லலாம்.