ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

தர்ம காரியத்துக்காகக் கச்சேரி நடத்துவது நல்ல பழக்கம். ஆனால், "தர்மத்துக்குத்தானே வாசிக்கிறோம், குறை இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. காசுக்கு வாசிக்கும்போது இருப்பதைவிட, தர்மத்துக்கு வாசிக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்!

இதற்கு, 1971-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு கச்சேரியே சாட்சி.

அகதிகளின் கண்ணீர்

வங்காளதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது. 1970 நவம்பரில் அங்கே பெரும் புயல் வீசியது. பல லட்சம் பேர் மாண்டார்கள். 1971 மார்ச்சில் போர் மூண்டது. சுமார் ஒரு கோடி மக்கள் வீடு வாசலை விட்டு இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள்.

சிதார் மேதை ரவிசங்கர் ஒரு வங்காளி. அவர் மனம் துடித்தது. கச்சேரி நடத்தி 25 ஆயிரம் டாலர் திரட்ட விரும்பினார். தம்மிடம் சிதார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஹாரிசன், உலகப் புகழ் பெற்ற "பீட்டில்ஸ்" குழுவில் கிட்டார் வாசித்தவர்.

சில வாரங்களிலேயே ஏற்பாடுகள் முடிந்தன. ஆகஸ்டு 1-ந் தேதி, நியூயார்க் நகரில் "மாடிசன் ஸ்கொயர் கார்டன்" அரங்கத்தில் கச்சேரி. பகலில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 40 ஆயிரம் பேர் வந்தார்கள்.

சுருதிக்குக் கைதட்டல்

முதலில் ரவிசங்கரும் அவர் குழுவினரும் மேடையில் அமர்ந்தார்கள். வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டினார்கள். அதையே பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கை தட்டினார்கள்! ரவிசங்கர் நன்றி கூறி, இனி வாசிக்கப்போவது இதைவிடப் பிடிக்கும் என்று நம்புவதாகச் சொன்னார்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு பாடமும் உண்டு. எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்தாலும், சுருதி சேராமல் அவர்கள் தொடங்கவில்லை.

கிட்டார் செய்த கோளாறு

மின்சாரக் கிட்டாரில் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். கம்பி அதிர்ந்ததும் சுருளில் சிறு மின்சாரம் உண்டாகும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விடுவார்கள். சில கிட்டார்கள் கெட்டியான மரக்கட்டை. சில, உள்ளே கூடானவை. ஒலிபெருக்கியின் பலத்த சத்தம் கூட்டுக்குள் புகுந்தால், கிட்டார் ஊளையிடும். மைக்கை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோனால் கீச்சென்று கத்துகிறதல்லவா? அதே கதைதான்.

அன்று கிட்டார் வாசித்தவர்களில் எரிக் கிளாப்டனும் ஒருவர். போதைப் பழக்கத்தால் அவர் உடல்நிலை கெட்டிருந்தது. அவர் ஒரு பாட்டுக்குக் கூடுள்ள கிட்டாரை எடுத்துக்கொண்டார். கெட்டியான கிட்டாரே அதற்குப் பொருத்தம் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவரால் வாசிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஹாரிசன் யோசித்தார். ஜெஸ்ஸி எட் டேவிஸ் என்ற இன்னொரு கலைஞரைத் தயாராக வைத்திருந்தார். அது முன்யோசனை!

முடங்கிய பணம்

ஆனால் வேறோர் இடத்தில் முன்யோசனை தவறிவிட்டது. நுழைவுச்சீட்டில் வசூலான 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர், ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு இசைத்தட்டும் சினிமாவும் வெளிவந்தன; பணம் குவிந்தது. ஆனால், கச்சேரியை முறைப்படி தர்ம நிகழ்ச்சியாக முன்கூட்டியே பதிவு செய்திருக்கவில்லை. வரி விலக்கு கிடைக்கவில்லை. பெரும் தொகை பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பசித்த குழந்தை அதுவரை காத்திருக்குமா?

அதற்காக அந்தக் கச்சேரியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வங்காளதேசத்தின் துயரத்தை உலகம் அறியச் செய்தது அது. 1985-க்குள் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் உதவி சேர்ந்ததாக மதிப்பிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1985 ஜூலையில் "லைவ் எய்டு" கச்சேரி நடந்தபோது, பணத்தை நிர்வகிக்க அறக்கட்டளை தயாராக இருந்தது.

நம் ஊருக்கும் பொருந்தும்

பள்ளிக்கூடக் கட்டிடத்துக்காகவோ, ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்காகவோ இளைஞர்கள் கச்சேரி நடத்தினால் பாராட்டவேண்டும். ஆனால், நேற்று வாங்கிய கிட்டாரை இன்று மேடையில் சோதிக்கக்கூடாது. புதுக் கம்பி இழுபட்டுச் சுருதி இறங்கும். நாலு நாள் வீட்டில் வாசித்துப் பழக்கிய பிறகே மேடைக்குக் கொண்டுவரவேண்டும். மாற்றுக் கம்பியும் கையில் இருக்கட்டும்.

கிட்டாருக்குச் சுருதி எப்படியோ, தர்மத்துக்குக் கணக்கு அப்படி. பணம் யார் கையில் இருக்கும், எப்போது கொடுக்கப்படும் என்பதை, முதல் சீட்டு விற்பதற்கு முன்பே எழுதி வைக்கவேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியோர். ஏழையின் கையில் போடுவதை அளக்காமல் விடலாமா?