கிடங்குச் சாவியையும் கொடுங்கள்
1992-இல் பால்டிமோரின் மேரிலாந்து வரலாற்றுக் கழகம் தன் கிடங்கைக் கலைஞர் ஃபிரெட் வில்சனுக்குத் திறந்துவிட்டது. புதிதாக எதையும் அவர் செதுக்கவில்லை. இருந்தவற்றையே இடம் மாற்றி வைத்தார். வேலைப்பாடு மிகுந்த வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கு. குறிப்பட்டையில் ‘உலோக வேலை, 1793–1880’ என்று மட்டும். இன்னொரு பக்கம், சவுக்கடிக் கம்பத்தைப் பார்த்தபடி அழகழகான நாற்காலிகள். அந்தச் செல்வம் யார் முதுகில் ஏறி வந்தது என்பது பார்த்தவுடனே நெஞ்சில் அறைய ஒரு கலைஞரின் கண் வேண்டியிருந்தது. ஆகவே, ஓவியர்களையும் சிற்பிகளையும் தங்கி ஆராய அழைக்கும் அருங்காட்சியகங்கள், திறப்பு விழாவுக்கு ஒரு படைப்பு கேட்டு அவசரப்படுத்தக் கூடாது. போதிய ஊதியமும் காலமும் தாருங்கள், பதிவேடுகளைக் காட்டுங்கள். காப்பாட்சியர் காட்டத் தயங்கும் பொருளையும் கலைஞர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.