நிறுத்த முடியாத பாடகர்

ஃபிளமெங்கோ கிதாரை இணையவழிப் பாடங்களின் மூலம் கற்க முடியுமா என்ற கேள்விக்கு ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. ஆசானின்றி எந்தக் கலையும் கைகூடாது என்பது ஒன்று. எல்லாம் திரையிலேயே கிடைக்கிறது, ஆசிரியர் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டுமே அக்கலையை வெறும் விரல்வித்தையாகப் பார்ப்பதிலிருந்து பிறப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

விரல்வித்தையைப் பொறுத்தவரை காணொளியைக் குறைசொல்ல இடமில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விசிறிபோல் விரித்துத் தந்திகளை அறையும் ரஸ்கெயாதோவைக் கால்வாசி வேகத்தில் நூறு முறை ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் பொறுமை எந்த ஆசிரியருக்கும் இராது. கட்டைவிரலால் மட்டுமே மேலும் கீழும் மீட்டும் அல்சாபுவாவும் அப்படித்தான். செவில்லுக்கோ ஹெரெஸுக்கோ போய்த் தங்க வசதியில்லாத ஒருவரிடம் திரைவழிக் கல்வி போலியானது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சிக்கல் கொம்பாஸில் இருக்கிறது. சொலெயா என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு தட்டுகள் கொண்ட சுழற்சி. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில். முதலில் மும்மூன்றாக நடக்கும் தாளம், பாதிவழியில் இரண்டிரண்டாக நடைமாறுகிறது. இசைவாக்கியம் பெரும்பாலும் பத்தாம் தட்டிலேயே முடிந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டும் ஒருவித மூச்சுவிடல். ஏறக்குறைய இதே கணக்கைத் தலைதெறிக்கும் வேகத்தில் ஓட்டினால் புலெரியாஸ். இதைத் தாளில் எழுதிக்காட்டலாம், மெட்ரோனோமை வைத்துப் பழகலாம். ஆனால் பாடுபவர் ஒரு சொல்லை இழுக்கும்போது அந்த இழுப்புக்குள்ளேயே கணக்கு தவறாமல் காத்திருப்பதை எந்தக் கருவியும் கற்பிப்பதில்லை. நடனமாடுபவர் காலைத் தட்டி 'யமாதா' கொடுத்தால் கிதார் அந்த நொடியே பதில்சொல்ல வேண்டும். காணொளியை நாம் நிறுத்தினால் அது நின்றுவிடும். பாடகர் நமக்காக நிற்கமாட்டார்.

வரலாறும் இதையே காட்டுகிறது. சபீக்காஸ் பெரும்பாலும் தானே கற்றவர் என்பார்கள். ஆனால் அவர் கார்மென் அமாயாவின் நடனத்துக்கு ஆண்டுக்கணக்கில் வாசித்தவர். பாக்கோ தெ லூசியாவின் இல்லத்தில் தந்தையும் அண்ணன் ரமோனும் கிதார்க் கலைஞர்கள். இன்னோர் அண்ணன் பெப்பே பாடகர். அந்தப் பையனுக்குக் கிடைத்தது பாடத்திட்டமல்ல, ஒரு குரல். 1960களில் மொரோன் தெ லா ஃப்ரோந்தேரா என்ற சிற்றூருக்கு தியேகோ தெல் கஸ்தோரைத் தேடி அமெரிக்க இளைஞர்கள் போனார்கள். பலர் கையில் ஒலிப்பதிவுக் கருவி. ஃபல்செத்தா எனும் இசைத்துணுக்குகளை நாடாவில் பிடித்துக்கொண்டுவந்து தனியறையில் பயின்றார்கள். இன்றைய இணைய மாணவரின் முன்னோடிகள் என்று இவர்களைத்தான் சொல்லவேண்டும்! ஆனால் நாடாவில் பிடிபட்ட துணுக்கைவிட, விடியும்வரை நீண்ட அந்தக் கூடல்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கைதட்டியதே அவர்களுக்குப் பெரிய பாடமாக இருந்திருக்கும்.

நேரலை வகுப்பு இந்தக் குறையைத் தீர்க்கும் என்கிறார்கள். ஓரளவுக்குத்தான். மணிக்கட்டின் இறுக்கத்தை ஆசிரியர் பார்த்துத் திருத்தலாம், அது பெரிய விஷயம். ஆனால் ஒலி போய்ச்சேரும் சிறு தாமதம்கூட இருவர் சேர்ந்து வாசிப்பதைக் கெடுத்துவிடுகிறது. ஆசிரியர் தட்டும் பால்மாஸ் மாணவரை வந்தடையும்போது புலெரியாஸின் அழுத்தம் இடம்பெயர்ந்திருக்கும். போதாதற்கு, பேச்சுக்காக உருவாக்கப்பட்ட செயலிகள் ரஸ்கெயாதோவை இரைச்சலென்று கருதி அமுக்கிவிடுகின்றன.

நேரில் கற்பிப்பவர் எல்லாரும் இதைத் தந்துவிடுகிறார்களா என்றால், இல்லை. வாரம் ஒரு ஃபல்செத்தா சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்கும் ஆசிரியருக்கும் காணொளிக்கும் வேறுபாடு அதிகமில்லை. காணொளி மலிவு, அவ்வளவே. ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கிதார் ஆசிரியரைப் பரிந்துரைப்பதில்லை. விரலுக்கான பாடங்களை இணையத்திலேயே முடித்துக்கொண்டு, அருகில் ஃபிளமெங்கோ நடன வகுப்பு ஏதும் நடந்தால் அங்கே போய் மூலையில் உட்காரச் சொல்கிறேன். முதல் சில மாதங்கள் கிதாரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வெறுமனே கைதட்டலாம். பிறகு இரண்டே சுரக்கூட்டுகளை வைத்துக்கொண்டு ஆடுபவரின் பாதத்தைப் பார்த்து வாசிக்கலாம். பதிவுசெய்த இசைக்கு ஆடிச் சலித்த நடன ஆசிரியைகள் ஒரு தடுமாறும் கிதாரைக்கூட மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.