கை வலி, படபடப்பு, தூக்கமின்மை: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

தாண்டிக்குடியில் இருக்கும் அம்மா இரவு 9 மணிக்கு போனில் சொல்கிறார்: "இடது கை ஒரு மாதிரி உளையுதுப்பா. காபிப் பழம் பறிச்சதுல இருக்கும். விடிஞ்சா சரியாயிடும்." சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

முதலில் ஒரு கணக்கு. தாண்டிக்குடியிலிருந்து மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திண்டுக்கல் அதற்கும் அப்பால். மாரடைப்பில் சிகிச்சைக்கு மிக முக்கியமானது முதல் ஒரு மணி நேரம். "கொஞ்சம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் வசதி மலையில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

கை வலி

கையை அசைத்தால், அழுத்தினால் வலி கூடுகிறதா? பெரும்பாலும் தசை வலியாக இருக்கலாம். மேட்டில் ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் குறைகிறதா? அடுத்த நாளே மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்து, நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடை வலி சேர்ந்தால் உடனே 108. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், 'கேஸ்' தொல்லை போலவோ கடும் சோர்வாகவோ வரலாம்.

படபடப்பு

எப்போதாவது ஒரு துடிப்பு தவறியது போலத் தோன்றுவது பலருக்கும் உண்டு. அதிக காபி, தூக்கக் குறைவு, டென்ஷன் காரணமாக இருக்கலாம். அடிக்கடி வந்தால் இசிஜி, தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை தேவை. தாறுமாறான துடிப்போடு மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி இருந்தால் காத்திருக்கவே கூடாது.

தூக்கம்

வாரத்தில் 3 இரவுகளுக்கு மேல், 3 மாதமாகத் தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் பேச வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் சீக்கிரம் காட்டுங்கள். அது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

முதலில் எங்கே போவது?

வருசநாட்டு மலைப் பகுதியில் பிறந்த நடிகர் மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று டப்பிங்கின் நடுவே நெஞ்சு வலி வர, தானே கார் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், பிழைக்கவில்லை. சந்தேகம் வந்தால் தனியாக வண்டி ஓட்டக் கூடாது. வளைவு வளைவாக இறங்கும் மலைப்பாதையில் நிச்சயம் கூடாது.

பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரைகள் அடங்கிய முதல் டோஸ் தரப்படுகிறது: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. இதை வீட்டிலேயே சுயமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. இது பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை கைகொடுப்பதற்குத்தான். அதோடு சிகிச்சை முடிந்துவிடாது.

ஆகவே அரசுக்கு ஒரு கோரிக்கை: சமவெளியைவிட மலைக் கிராமங்களுக்குத்தான் இந்த மாத்திரையும் இசிஜியும் ஆம்புலன்ஸும் இரவிலும் அவசியம். அவை அங்கே எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒன்று. அம்மா "விடிஞ்சா பார்த்துக்கலாம்" என்றால், "வியர்க்குதாம்மா? மூச்சு வாங்குதா?" என்று கேளுங்கள். 'ஆமா' என்று பதில் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.