கத்தி பிடிக்கக் கற்பவருக்கு யார் தலைவர்?

ஆபரேஷன் மேஜையைச் சுற்றி முகமூடி அணிந்த பலர் நிற்பார்கள். நடுவில் நிற்பவர் பெரிய சர்ஜன். அவர் பக்கத்தில் நிற்கும் இளைஞர் யார்?

அவரும் டாக்டர்தான். படித்துப் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் ஆபரேஷன் செய்யும் வித்தையை இன்னும் கற்றுக்கொண்டு இருக்கிறார். அவர்தான் பயிற்சி சர்ஜன்.

இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, சர்ஜன் ஆவதற்குச் சுமார் 10 ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். அந்தப் 10 ஆண்டுகளும் ஒரே ஊரில் இருக்க முடியாது. ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்றுவார்கள். கல்யாணம் ஆகிக் குழந்தை பெற்றவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பரீட்சைக்குக் கட்டணம் உண்டு. அதைச் சொந்தப் பணத்தில் இருந்து கட்ட வேண்டும்.

இவர்களுக்கு ஒரு குறை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பெரிய சர்ஜனிடம் சொல்லலாம். ஆனால், "இவர் வேலை கற்றுக்கொண்டார்" என்று கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான்! பகைத்துக்கொள்ள முடியுமா? நோயாளிக்கும் பதில் சொல்ல வேண்டும். குருவுக்கும் பதில் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

இந்த நிலையில்தான் 1976-ம் ஆண்டில் ஒரு சங்கம் பிறந்தது. அதன் பெயர் "அசோசியேஷன் ஆப் சர்ஜன்ஸ் இன் டிரெயினிங்". அதாவது, பயிற்சி சர்ஜன்கள் சங்கம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பயிற்சி பெறுகிறவர்களுக்காக ஏற்பட்டது.

நாவிதரும் சர்ஜனும்

அதற்கு முன் இங்கிலாந்தில் சர்ஜன்களுக்குச் சங்கமே இல்லையா? இருந்தது. மிகப் பழைய சங்கம்.

1540-ம் ஆண்டில், எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், சட்டம் போட்டு நாவிதர்களையும் சர்ஜன்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள். 205 ஆண்டுகள் இரு தொழிலாரும் ஒன்றாக இருந்தார்கள். 1745-ம் ஆண்டில் சர்ஜன்கள் பிரிந்து போனார்கள். 1800-ம் ஆண்டில் அரசரின் சாசனம் பெற்று, லண்டனில் ராயல் சர்ஜன்கள் கல்லூரி ஏற்பட்டது. (இங்கிலாந்தில் இன்றும் சர்ஜனை "டாக்டர்" என்று கூப்பிடுவது வழக்கம் இல்லை. "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நாவிதரோடு இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது!)

அந்தக் கல்லூரியின் தலைமை நாற்காலியில் பெரியவர்கள்தான் உட்கார்ந்தார்கள். பேரும் புகழும் பெற்றவர்கள். நரை விழுந்தவர்கள். அங்கே ஒரு பெண் தலைவராக வர எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? 214 ஆண்டுகள்! 2014-ம் ஆண்டில்தான் கிளேர் மார்க்ஸ் என்ற அம்மையார் தலைவர் ஆனார்.

பயிற்சி சர்ஜன்கள் சங்கத்திலோ, 40 ஆண்டு நிறைவதற்குள்ளாகவே பெண்கள் தலைமைப் பதவிக்கு வந்துவிட்டார்கள். காரணம் என்ன? அங்கே நாற்காலி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகிறது.

ஒரே ஓர் ஆண்டு

இந்தச் சங்கத்தில் தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். பயிற்சியில் இருப்பவர்களே தலைவரைத் தேர்ந்து எடுக்கிறார்கள். தலைவரும் பயிற்சியில் இருப்பவர்தான். சம்பளம் கிடையாது. பகலில் ஆபரேஷன் அறையில் நிற்க வேண்டும். இரவில் மந்திரிக்கும் அதிகாரிக்கும் கடிதம் எழுத வேண்டும். ஆண்டு முடிந்ததும் நாற்காலியை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"ஓர் ஆண்டில் என்ன சாதிக்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம். சர்க்காருடன் பேச்சு நடத்தினால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். "கொஞ்சம் பொறுத்தால் ஆள் மாறிவிடுவார்" என்று அதிகாரிகள் தள்ளிப் போடவும் கூடும். அனுபவம் உள்ள பெரிய சர்ஜன் ஒருவரை ஐந்து ஆண்டுக்குத் தலைவராகப் போட்டால் என்ன?

போடக்கூடாது. 2009-ம் ஆண்டைப் பாருங்கள், காரணம் புரியும்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பியச் சட்டம் ஒன்று பயிற்சி டாக்டர்களுக்கு முழுமையாக அமலுக்கு வந்தது. வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தானே? தூக்கம் இல்லாத டாக்டர் கையில் கத்தியைக் கொடுக்கலாமா?

ஆனால் பயிற்சி சர்ஜன்கள் சங்கம் வேறு மாதிரி பேசியது. "48 மணி நேரத்தில் ஆபரேஷன் கற்றுக்கொள்ள முடியாது. 65 மணி நேரம் வரை விடுங்கள்" என்று கேட்டது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் சங்கங்களைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. கூட்டச் சொன்ன சங்கம் இது!

அந்தக் கோரிக்கை சரியா, தப்பா என்று இன்னும் வாதாடலாம். ஆனால் அதைக் கேட்க உரிமை உள்ளவர் யார்? ராத்திரி கண் விழிக்கிறவர்தான். பெரிய சர்ஜன் ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லி இருந்தால், "சின்னவர்களைக் கசக்கிப் பிழியப் பார்க்கிறார்" என்றுதான் ஊர் பேசி இருக்கும்.

வாய் திறக்க ஒருவர்

2007-ம் ஆண்டில் இன்னொரு கூத்து நடந்தது. பயிற்சி இடங்களுக்கு ஆள் எடுக்க, கம்ப்யூட்டர் மூலம் விண்ணப்பம் வாங்கும் புதிய முறையைச் சர்க்கார் கொண்டுவந்தது. குளறுபடியோ குளறுபடி! நன்றாகப் படித்தவர்களுக்கும் நேர்முகத் தேர்வு கிடைக்கவில்லை. மார்ச் 17-ந் தேதி ஆயிரக்கணக்கான டாக்டர்கள் லண்டன் தெருவில் ஊர்வலம் போனார்கள். சுகாதார மந்திரி பட்ரீசியா ஹியூவிட் மன்னிப்புக் கேட்டார். மே மாதத்தில் அந்த முறையைக் கைவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே பேசியதால்தான் அது நாட்டுக்குத் தெரிந்தது.

2023-ம் ஆண்டில் வந்த செய்தி இன்னும் வேதனையானது. பிரிட்டனில் ஆபரேஷன் துறையில் இருப்பவர்களிடம் ஒரு விசாரணை நடத்தினார்கள். 1,434 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில், உடன் வேலை செய்கிறவர்களால் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 100-க்கு 63 பேர்! தொல்லை கொடுத்தவர் மேலே இருப்பவராக இருந்தால், பயிற்சியில் இருக்கும் பெண் யாரிடம் முறையிடுவார்? மேலே இருப்பவர்களே நடத்தும் சங்கத்திலா?

நாற்காலியில் இருப்பவர் ஆண்டுதோறும் மாறட்டும். அதனால் குறை மறந்துபோகாது. புதிய தலைவரும் அதே வார்டில், அதே அவதியைப் படுகிறவர்தான். சங்கத்தின் முடிவுகளை மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியும் வைக்கிறார்கள்.

மாற்ற வேண்டியது வேறு. சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் கொடுக்க யாரால் முடியும்? கைக்குழந்தை உள்ள தாயால் முடியுமா? தலைவராக இருக்கும் ஆண்டில், வாரத்துக்கு ஒரு நாளாவது ஆஸ்பத்திரி அவருக்குச் சம்பளத்துடன் ஓய்வு தரவேண்டும். பயிற்சி நாட்கள் குறைந்தால், அதைப் பின்னால் ஈடுகட்டவும் வழி செய்யவேண்டும். அப்போதுதான் வசதி உள்ளவர் மட்டும் அல்லாமல், எல்லோரும் போட்டியிட முடியும்.

இவ்வளவு சொன்னதால், சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் எப்போதும் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2000-ம் ஆண்டில் இந்தச் சங்கம் ஒரு விருதை ஏற்படுத்தியது. "வெள்ளிக் கத்தி விருது" என்று பெயர். நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பெரிய சர்ஜனுக்கு அதைக் கொடுக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று பெயர் சொல்லுகிறவர்கள், அவரிடம் பயிற்சி பெற்ற சின்னவர்கள்தான்.